உருளையில் சந்தனம்

திருத்தணி
6 ஜூலை 2025

மகன் தணிகைமணிக்கு நைனா பரந்தாமன் சொல்லச் சொல்ல, உன் மனைவி பானுப்ரியா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நமக்கு ஏப்ரலில் ஓட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் மே மாதம் ஓட்டு என்று வைத்தார்களே, அந்த வருடம். நம் விரல் மை அழியத் தொடங்கியபோது அவர்கள் விரலில் புது மை ஏறியது. வெயில் தாங்காமல் நம் தெரு வேப்பமரத்திலிருந்து காக்கை செத்து விழுந்தது. அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில்தான் கே.ஜி.கண்டிகைத் திருவிழா வந்தது. நீ கட்டிய ஸ்பீக்கர் ஹார்ன் கம்பத்திலிருந்து கழன்று விழுந்தது. கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த குடும்பத்தில் பூவம்மாள் அங்கேயே போய்விட்டாள். அவள் புருஷன் சுப்பனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. நட்டை முறுக்காமல் விட்டது நான்தான் என்று நீயே கோர்ட்டில் ஒப்புக்கொண்டாய். போன மாதம் தீர்ப்பாயிற்று. பத்து மாதம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இனி சொல்ல மாட்டேன். பானுவின் கை இதை மறுபடி எழுத வேண்டாம்.

உறையின் மேல் ‘சிறை’ என்ற சொல் வேண்டாம், நம்பரைப் போட்டாலே போய்ச் சேரும் என்றேன். போஸ்ட்மேனுக்குத் தெரியாததா மாமா என்று கேட்டுவிட்டு அவள் முழு விலாசத்தையும் எழுதிவிட்டாள். தபால் பெட்டி வரைக்கும் உறையை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் போகப் போகிறேன். நான் கைநாட்டு. எந்தச் சொல் அந்தச் சொல் என்று தெரியாது. அதனால் முழுவதையும் மூட வேண்டும்.

உன் கடையில் ரிப்பேருக்கு விட்டிருந்த சாமான்களை ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் எடுத்துப் போனதுதான் கஷ்டமாக இருந்தது. மிச்சம் இருப்பது அரக்கோணம் கஜபதியின் இசைத்தட்டு போடுகிற ரெக்கார்டு பெட்டி ஒன்று. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டையர் ஆனவர். நேற்று வந்தார். “இன்னாங்க பெரியவரே, தட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்னு எம் பெட்டிய கறிக்கடை மாரி தொங்கவுட்டு வெச்சிருக்கீங்க” என்றார். வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்று பையை விரித்தார். அதுவும் போய்விட்டால் கடையில் பல்லி மட்டும்தான். நானே சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தில் வந்த வார்த்தை.

எப்படிச் சேர்ப்பது என்று எழுது. இங்கே தூறல் போடுகிறது. படுக்கும் இடம் அங்கே காய்ந்திருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

பரந்தாமன்


சிறை
20 ஜூலை 2025

அன்புள்ள நைனாவுக்கு, தணிகைமணி வணக்கம். முதுகு பரவாயில்லை. சாப்பாடு மணியடித்தால் வருகிறது. படுக்கும் இடம் ஒழுகவில்லை. உங்கள் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகும் முன்பே வாங்கச் சொல்லுங்கள்.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? சரி, வாய்விட்டாயிற்று. மேசை டிராயரில் சிவப்புப் பிடி போட்ட சின்னத் திருப்புளி இருக்கும். பெட்டியின் கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் முள் வைத்த சின்ன டப்பா. அதை இரண்டு ஸ்குரூ பிடித்திருக்கும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். விரல் நுனி மட்டும் வேலை செய்ய வேண்டும். மணிக்கட்டு திரும்பினால் அதிகம்.

கை எழுந்து இறங்கும் மூட்டில் பக்கத்துக்கு ஒன்றாக ஊசி ஸ்குரூ இரண்டு. அவைதான் உயிர். மெல்ல ஊதினால் கை நகர வேண்டும். பிடித்து அசைத்தால் கடகடக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் காதும் சொல்லாது, கண்ணும் சொல்லாது. விரல்தான் சொல்லும். தறி நட்டை முறுக்குவதுபோல் மட்டும் முறுக்கிவிடாதீர்கள்.

மனு போட்டுப் பார்க்க யாரும் வர வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்பதை நான் பார்க்கக் கூடாது. மழைக்காலத்தில் படிக்கட்டில் கவனம்.

தணிகைமணி


திருத்தணி
10 ஆகஸ்ட் 2025

மகன் தணிகைமணிக்கு, நைனா. இங்கே இருவரும் சுகம். மாத்திரை வாங்கியாயிற்று. கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. மலைக்கு நான் போகப்போவதில்லை. படியேறும்போது தெரிந்தவர்கள் நின்று பேசுவார்கள்.

உன் கடிதத்தைப் பானு ஒரு தடவை படித்தாள். எனக்கு அது போதும். இப்போதும் வரி விடாமல் சொல்வேன். ஆனால் கேட்டது காதோடு நின்றுவிட்டது, கைக்குப் போகவில்லை. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிய கை இது. தறி அடிக்கிற அடியில் நட்டு தானாகக் கழலும் என்று உனக்குத் தெரியும். விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவோம். கை வலித்தால்தான் இறுகியது என்று அர்த்தம்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, முள் டப்பாவை நீ சொன்னபடி பிடித்துவிட்டேன். மூட்டு ஸ்குரூவில் விரல் நுனியோடு நிறுத்தத்தான் நிறுத்தினேன். நிறுத்தியதும் எனக்குக் கம்பம் தெரிந்தது. சொல்ல மாட்டேன் என்று சொன்னதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று திருப்பினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். பிறகு கையை ஊதினேன். நகரவில்லை. பலமாக ஊதினேன். எச்சில்தான் பட்டது. தட்டின் மேல் இறக்கினால் மாடு படுத்ததுபோல் ஒரே இடத்தில் கிடக்கிறது.

பானு பார்த்துவிட்டு, “மாமா, அது எங்கியும் ஓடிப்போவாது, வுடுங்க” என்றாள். சிரிக்கவில்லை அவள்.

என்ன செய்ய? இங்கே கொசு அதிகம். அங்கே எப்படி?

பரந்தாமன்


சிறை
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். கொசு இங்கேயும் உண்டு. தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். வெயிலில் நிற்பது முதுகுக்கு நல்லதாக இருக்கிறது.

கடிதங்களை இங்கே படித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். படிக்கிற ஐயா இந்த முறை என்னிடம் நீட்டும்போதே, “உங்கப்பா ரொம்ப டைட் வெச்சிட்டாருப்பா” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நைனா, அன்று நட்டில் முறுக்கு கொஞ்சம் குறைந்தது என்பதில்லை. நான் ஸ்பேனரே போடவில்லை. விரலால் பிடிக்கிற வரைக்கும் சுற்றிவிட்டு, அப்புறம் ஏறி முறுக்கிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். சாமி புறப்படுகிறது, பாட்டைப் போடு என்றார்கள். போட்டேன். அப்புறம் என்பது வரவே இல்லை. உங்கள் கைக்கு வந்திருக்கும் பயம் என்னுடையது. அதை அந்தப் பெட்டியிடம் காட்டாதீர்கள். அதன் ஸ்குரூ கழன்றால் யாரும் சாக மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மூட்டு ஸ்குரூவை எவ்வளவு இறுக்கினீர்களோ, அந்த இடத்தைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்புளியின் பிடியைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்குப் பின்னால் வாருங்கள். அந்த அளவுதான். ஊதிப் பாருங்கள். நகரவில்லை என்றால் அதில் பாதி. அதுவும் இல்லை என்றால் அதில் பாதி. திடீரென்று கை லேசாகும். அதற்கு மேல் தொடாதீர்கள். கையின் பின்பக்கத்து எடை உருளையை மட்டும் நகர்த்தி, முள் பூப்போல உட்காரும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உருளைப் பக்கம் கனத்தால் முள் பக்கம் எழும்பித் தாவும்.

வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

தணிகைமணி


திருத்தணி
21 செப்டம்பர் 2025

மகன் தணிகைமணிக்கு, நைனா. சுகம். பானுவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது இல்லை.

பாடிவிட்டது.

பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு வந்தேன். ஊதினேன். அசையவில்லை. பாதி வந்தேன். அதில் பாதி. விரல் நிறுத்திய இடத்தில் மறுபடியும் கம்பம் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன். மூச்சு விட்டேன் பார், ஊதக்கூட இல்லை, மூக்கிலிருந்து வந்த மூச்சுதான், அதற்கே கை நகர்ந்தது. கஜபதி வைத்துவிட்டுப் போன தட்டுகளில் நாதஸ்வரத் தட்டை எடுத்து வைத்தேன். முள்ளை இறக்கினேன். ஒரு கரகரப்பு, பிறகு வாசிப்பு, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல.

பானு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. அவ்வளவுதான், எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆள் உள்ளே இருக்கும்போது இந்த வீட்டில் மேளம் கேட்கிறது என்று நாளைக்குப் பேசுவார்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் குறைத்து, பெட்டி மேல் காதை வைத்து மிச்சத்தைக் கேட்டேன். பானு கதவுக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டாள். அவளை உள்ளே கூப்பிடத் தோன்றவில்லை. அது தப்புதான்.

கஜபதிக்குச் சொல்லியனுப்பினேன். ஆயுத பூஜை கழித்து வருகிறேன் என்றார். நீ வரும்போது கடையில் கொடுக்க வாங்க ஆட்கள் இருப்பார்கள் என்று இப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

பரந்தாமன்


சிறை
28 செப்டம்பர் 2025

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. பெட்டி பாடியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். படிக்கிற ஐயாவும் கைகொடுத்தார்.

ஒரு விஷயம். என்னோடு இருக்கும் ஒருவருக்குச் சூரத்தில் மச்சான் இருக்கிறார். விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறார். எனக்கு வேலை சொல்லி வைத்தாயிற்று. பங்குனிக் கடைசியில் என்னை விட்டுவிடுவார்கள். வெளியே வந்ததும் நேராக ரயில் ஏறிவிடுகிறேன். வீட்டுக்கு வரவில்லை.

பெட்டியைக் கஜபதி சாரிடம் கொடுத்துவிடுங்கள். அதோடு நம் கணக்கில் யாருடைய சாமானும் இல்லை. கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பானு விருப்பப்பட்டால் பிறகு வரட்டும். உங்களுக்கும் அங்கே இடம் பார்க்கிறேன்.

கோபப்படாதீர்கள். இரவில் பால் குடிக்கிறீர்களா?

தணிகைமணி


திருத்தணி
12 அக்டோபர் 2025

மகன் தணிகைமணிக்கு, நைனா. சுகம். பால் குடிக்கிறேன்.

நீ எழுதியது வந்தது. பானு படித்தாள். கேட்டேன்.

பெட்டி கெட்டுப்போய்விட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் போட்டால் முள் நிற்கவில்லை. ஒரு சுற்று பாடும், துள்ளும், நடுவில் போய் விழும். டப்பா ஸ்குரூவைக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன். தளர்த்திப் பார்த்தேன். மூட்டிலும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கஜபதியை இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது என்று விவரமாக எழுது. எத்தனை நாளானாலும் பரவாயில்லை.

மழை வரும்போல இருக்கிறது.

பரந்தாமன்


சிறை
2 நவம்பர் 2025

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். நலம்.

பாடிய பெட்டி தானாகக் கெடாது. மேசை ஆடுகிறதா? ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துச் சாய்கிறதா என்று பாருங்கள். முள்ளில் பஞ்சு சிக்கியிருந்தால் மெல்ல எடுங்கள். இரண்டு இடத்து ஸ்குரூவையும் முன்பு பாடிய நிலைக்கே கொண்டுவாருங்கள், உங்கள் விரலுக்கு ஞாபகம் இருக்கும். பின்பக்கத்து உருளை நகர்ந்திருக்கிறதா? அதில் கை பட்டதா, எதையாவது மாட்டினீர்களா? படிக்கிற ஐயாவும் உருளையைத்தான் சந்தேகப்படுகிறார்.

சூரத் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மழையில் நனையாதீர்கள்.

தணிகைமணி


திருத்தணி
14 டிசம்பர் 2025

மகன் தணிகைமணிக்கு, நைனா. உயிரோடு இருக்கிறோம். மழை நன்றாகப் பெய்து, ஏரி நிரம்பியது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். மேசை ஆடவில்லை. முள்ளில் ஒன்றுமில்லை. உருளையை நான் தொடவில்லை. ஆனாலும் துள்ளுகிறது. போன வாரம் கஜபதி சொல்லாமல் வந்துவிட்டார். போடுங்க கேக்கலாம் என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இன்னா பெரியவரே, வாசிக்கறவரு தவக்களை புடிக்கப் போய்ட்டாரா? தாவிகினே போறாரே” என்றார். வீட்டில் அவர் சம்சாரம், பெட்டியை விற்றுக் குடித்துவிட்டாயா என்று கேட்கிறாளாம். பங்குனி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், மகன் வந்து கையை வைத்தால் சரியாகிவிடும் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

கடிதத்தில் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. நீ நேரில் வந்துதான் ஆக வேண்டும். வந்து, இதை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் எங்கே போக வேண்டுமோ போ.

பனி இறங்குகிறது. காதை மூடிக்கொண்டு படு.

பரந்தாமன்

மாமா சொன்னது இதுவரை. இனி எழுதுவது பானுப்ரியா. இதை மாமாவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஆயுத பூஜையன்று மாமா தறிக்குப் பூசுகிற வழக்கத்தில் பெட்டிக்கும் சந்தனம் பூசினார். பின்பக்கத்து உருளையில் புளியங்கொட்டை அளவுக்கு அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். மறுநாள் முள் தாவியது. இரண்டு நாள் ஸ்குரூவோடு மல்லுக்கட்டினார். நீங்கள் முன்னே எழுதியது ஞாபகம் வந்து நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன். உடனே பாடியது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அதற்கு அடுத்த நாள் உங்கள் சூரத் கடிதம் வந்தது. படித்து முடித்தேன். மாமா எழுந்து போனார். சந்தனம் உரைக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக வைக்கிறார். கஜபதி சார் வந்த அன்று உருளைக்கு முன்னால் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயதில் அவர் வெளியாளிடம் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். நான் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களிடமிருந்து நாலு கடிதம் வந்தது. ஸ்குரூ எப்படி இருக்கிறது, உருளை எப்படி இருக்கிறது என்று அத்தனை விசாரிப்பு. எனக்கு ஒரு வரி. பானு விருப்பப்பட்டால் வரட்டும். என் விருப்பம் என்ன என்று கேட்டீர்களா? இந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்பது நான். நீங்கள் இல்லை.


சிறை
1 பிப்ரவரி 2026

நைனாவுக்கும் பானுவுக்கும். உடம்பு நலம். பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னிக்க வேண்டும். தினமும் எழுத உட்கார்ந்தேன்.

பானு, இதை நைனாவுக்குப் படித்துக் காட்டு. நீ எழுதியது எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிடு. படிக்கிற ஐயா கடிதத்தைக் கொடுக்கும்போது இந்த முறை என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

உன் விருப்பத்தை நான் கேட்கவில்லை. உன் பெயரை எழுதினாலே பேனா நின்றுவிடுகிறது. ஸ்குரூ என்றால் ஓடுகிறது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நைனா, வீட்டுக்கு வருகிற பஸ் கே.ஜி.கண்டிகை வழியாகத்தான் வரும். அன்று ஊரே திருவிழாவுக்கு வந்திருந்தது. டீக்கடையில் நிற்பவர், வயலுக்குப் போகிறவர், எல்லாரும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை கண்ணிலும் நான் எப்படி விழிப்பேன்? ஒரு நாள் வந்து போனாலும் அதே பஸ், அதே ஊர். சூரத்தில் என்னை யாருக்கும் தெரியாது. தயவுசெய்து உருளையைத் துடைத்துவிடுங்கள்.

தணிகைமணி


திருத்தணி
1 மார்ச் 2026

மகன் தணிகைமணிக்கு, நைனா. இருவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பானு எனக்காக ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். அது எனக்காக இல்லை. இதை எழுதும்போது தலை நிமிராமல் எழுதுகிறாள்.

சந்தனம் வைத்தது உனக்குத் தெரியும் என்று கேட்டதும் நான் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. மருமகள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் துடைத்த பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் அவளுக்குத் தெரிந்தே வைத்திருக்கிறேன், மறுபடி வைத்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. கடைசியில் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். “நானும்தான மாமா தொடைக்காம வுட்டன்” என்றாள். அப்புறம்தான் சோறு இறங்கியது.

உருளையைத் துடைத்தேன். கஜபதியைக் கூப்பிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முழுத் தட்டையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, “பொட்டு வெச்சி புள்ளைய கூப்ட்ட ஆளு நீங்க ஒருத்தருதாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் இப்போது ஒன்றும் இல்லை. உன்னைக் கூப்பிட என்னிடம் பழுதான சாமான் கிடையாது.

பிறகு யோசித்தேன். நீ அந்த ஊர் வழியாக வர மாட்டேன் என்கிறாய். நான் போனேனா? ஓட்டு நடந்த அந்த வருடத்திலிருந்து ஒரு நாள்கூடப் போகவில்லை. துக்கம் விசாரிக்கக்கூடப் போகாத மனுஷன், உன்னை வா வா என்று சந்தனம் அப்பிக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். பானு கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

டீக்கடையில் இறங்கினேன். என் பெயரையும் உன் பெயரையும் சொல்லியே வழி கேட்டேன். யாரும் திட்டவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. ஒருவர் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். பிறகு அவர் பாட்டுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு அதன் வேலை இருக்கிறது, மணி.

சுப்பனிடம் என்ன பேசுவது என்று பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டு வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அந்த இடுப்போடு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கார்த்திகை மழையில் போய்விட்டார். இங்கிருந்து என்ன பெரிய தூரம்! எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை.

அவர்கள் மகள் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரும்வரை வாசலில் நின்றேன். அன்று அந்தப் பெண்ணும் கம்பத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. யாருங்க என்றாள். தணிகைமணியின் அப்பன் என்றேன். அட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே நின்றாள். “கோர்ட்ல பாத்தன் உங்கள. கடைசி பெஞ்சில தலைய குனிஞ்சிகினு இருந்தீங்க” என்றாள். ஆங் என்றேன். பஸ்ஸில் சேர்த்தது எல்லாம் போய்விட்டது. பூவம்மாள் எப்படிப்பட்டவள் என்று கேட்டேன். அதைக் கேட்டதும்தான் அந்தப் பெண் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் இதை ஒருவரும் கேட்கவில்லையாம். எல்லாரும் எப்படிச் செத்தாள் என்றுதான் கேட்டார்களாம். பொழுது சாய்கிற வரைக்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டேன். அதை உனக்குச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வாயால் நீ கேட்க வேண்டியது.

கிளம்பும்போது, அவர் எப்போது வருகிறார் என்று கேட்டாள். பங்குனிக் கடைசியில் என்றேன். சூரத்தைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்:

“வரட்டும். வந்து இங்க நிக்கட்டும். நான் இன்னா சொல்லுவனோ, எனக்கே தெரியாது. ஆனா வந்து நிக்கட்டும்.”

உன்னை விடும் நாளில் நானும் பானுவும் வாசலில் நிற்போம். நீ வேண்டாம் என்று சொன்னாலும் நிற்போம். ரயில் ஏறுவதானால் எங்கள் கண்ணெதிரில் ஏறு. பஸ் ஏறுவதானால் மூன்று பேராக ஏறுவோம். ஊர் முழுக்கக் கண் என்று எழுதினாய். நான் அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீ பதில் சொல்ல வேண்டியது கம்பத்தடியில் இருந்தவர்களுக்குத்தான். மூன்று பேர். பூவம்மாள் அன்றே போனாள். சுப்பன் கார்த்திகையில் போனார். உயிரோடு இருப்பது ஒரே ஆள். பெயர் அனிதா.